ஒலியை முந்தும் தனியார் ஜெட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் சிறிய வாடகை ஜெட் நிறுவனம் ஒன்றில் கணக்கு, கொள்முதல் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பழைய ஜெட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்தச் சமயம் பார்த்து ஒரு தரகர் வந்து, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பத்து இருக்கை ஜெட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டினால் முதல் வரிசையில் இடம் கிடைக்கும் என்கிறார். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் வாடிக்கையாளர்கள் அதிகம் போவது லண்டன், தோக்கியோ, சென்னை. புது ஜெட் வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஒலியை மிஞ்சும் தனியார் ஜெட் என்று கடையில் போய் வாங்கும்படி உலகில் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தில் இருப்பவை உண்டு, அழகழகான படங்களும் உண்டு. பயணிகளை ஏற்றிப் பறக்கச் சான்றிதழ் பெற்ற எஞ்சின்தான் எதற்கும் இல்லை. முன்பணம் கட்டுவது தனிக் கேள்வி, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த ஆசைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் நிறுவனத் தலைவர் ஆலன் பால்சனும் சோவியத் சுகோய் நிறுவனத்தின் மிகைல் சிமோனோவும் சேர்ந்து எஸ்-21 என்ற ஜெட்டைத் திட்டமிட்டார்கள். சில ஆண்டுகளில் கல்ஃப்ஸ்ட்ரீம் விலகிக்கொண்டது. 1990களின் கடைசியில் பிரான்ஸின் டஸ்ஸோ மூன்று எஞ்சின் வைத்த ஃபால்கன் ஜெட் ஒன்றை ஆராய்ந்தது. பொருத்தமான எஞ்சின் கிடைக்கவில்லை என்று ஓரங்கட்டியது. மிராஜ், ரஃபால் போர் விமானங்களைச் செய்கிற கம்பெனி அது. ஒலியைத் தாண்டுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

உங்கள் முதலாளியிடம் விவரமாகச் சொல்ல வேண்டியது ஏரியன் கதை. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில், டெக்சஸ் கோடீஸ்வரர் ராபர்ட் பாஸின் பணத்தில் வளர்ந்த நிறுவனம். ஏஎஸ்2 என்ற ஜெட்டை அறிவித்தது: 8 முதல் 12 பேர், மாக் 1.4 வேகம் (ஒலியின் வேகத்தைப் போல் 1.4 மடங்கு), விலை 12 கோடி டாலர். கூட்டாளிகள் சின்ன ஆட்கள் இல்லை. 2014-ல் ஏர்பஸ், 2017-ல் லாக்ஹீட் மார்ட்டின், 2019-ல் போயிங் என்று வரிசையாக வந்தார்கள். வரிசையாக என்றால் ஒருவர் போய் அடுத்தவர் வந்தார் என்று பொருள். அதுவே ஒரு அறிகுறிதான். 2018-ல் எஞ்சின் தயாரிக்கும் ஜிஇ நிறுவனம் இதற்கென்றே அஃபினிட்டி என்ற எஞ்சினின் ஆரம்ப வடிவமைப்பை முடித்ததாக அறிவித்தது. தனியார் ஜெட் சேவை நடத்தும் ஃபிளெக்ஸ்ஜெட் 2015-லேயே 20 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 2021 மார்ச்சில் அதைப் போன்ற நெட்ஜெட்ஸ் இன்னொரு 20-க்கு வாங்கும் உரிமை பெற்றது. கையில் 1,100 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் இருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு மே மாதம் கடையை மூடினார்கள். அடுத்த கட்டத்துக்குப் பணம் திரட்ட முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

ஆர்டர் குவிந்திருக்கும்போது எப்படிப் பணத்தட்டுப்பாடு வந்தது? ஒரு பெருக்கல் வகுத்தல் போட்டுப் பாருங்கள். ஏஎஸ்2-வை உருவாக்கிச் சான்றிதழ் வாங்கச் சுமார் 400 கோடி டாலர் ஆகும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. பத்து ஆண்டுகளில் 300 விமானம் விற்கும் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. நம்பியபடியே விற்றாலும் விமானம் ஒன்றின் தலையில் உருவாக்கச் செலவு மட்டும் 1.3 கோடி டாலருக்கு மேல் விழுகிறது. அந்த 400 கோடியும் முதல் விமானம் கை மாறுவதற்கு முன்பே செலவாகியாக வேண்டும். ஆர்டர் என்பது காகிதம். வங்கிக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டுவாரே ஒழிய காசோலை எழுதமாட்டார்.

எஞ்சினுக்கு வருவோம், உண்மையான முட்டுக்கட்டை அதுதான். இன்றைய பயணிகள் விமான எஞ்சின்களுக்கு முன்னால் பெரிய விசிறி இருக்கும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதால் சத்தமும் குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனால் ஒலியைத் தாண்டியபின் அந்த அகலமே பெரிய இழுவை. போர் விமான எஞ்சின் ஒல்லியாக இருக்கும். அது கொஞ்சம் காற்றைப் படுவேகமாகக் கக்குகிறது, அதனால் புறப்படும்போது காது கிழியும். இன்றைய விமான நிலையச் சத்த விதிகளுக்குள் அது அடங்காது. தவிர, போர் விமானம் ஒலியை மிஞ்சிப் பறப்பது பெரும்பாலும் நிமிடக் கணக்கில். உங்கள் ஜெட் மணிக்கணக்கில், அதுவும் வாரம் பல தடவை பறக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கி, பல ஆயிரம் மணி நேரம் பிரித்து மேயாமல் ஓடும் எஞ்சின் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்ய முடியும். அஃபினிட்டி அப்படிப்பட்டதுதான்: சிஎஃப்எம்56 என்ற பயணிகள் விமான எஞ்சினின் மையப் பகுதியை எடுத்துப் புது விசிறி பொருத்தும் யோசனை. 300 விமானங்களுக்காக மட்டும் அதை முழுதாகச் செய்து முடிக்க எந்த எஞ்சின் கம்பெனிக்கும் மனம் வராது. ஏரியன் மூடியதோடு அதுவும் நின்றது.

ஒலியை மிஞ்சும் விமானம் செய்ய முயலும் அமெரிக்காவின் பூம் நிறுவனத்தின் கதையும் இதையே சொல்கிறது. அவர்களுடைய ஓவர்ச்சர் 60 முதல் 80 பேர் போகும் பயணிகள் விமானம், உங்களுக்கானது இல்லை. ஆனாலும் 2022-ல் எஞ்சின் கூட்டாளியான ரோல்ஸ்-ராய்ஸ் விலகியபின் எஞ்சினைத் தாங்களே செய்வதாக இறங்கிவிட்டார்கள். துணிச்சல்தான். அதை நம்பி நான் பணம் போடமாட்டேன்.

அடுத்தது வெடிச்சத்தம். ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும்தான் 'டமார்' என்று கேட்கும் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் வரை அதிர்வலை தரையில் விமானத்தோடு கூடவே வரும். 50,000 அடியில் பறந்தால் அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையைத் தடவிக்கொண்டு போகும். 1964-ல் அமெரிக்க அரசு ஓக்லஹோமா சிட்டி மக்கள் தலைக்கு மேல் ஆறு மாதம், தினம் சுமார் எட்டு முறை இந்தச் சத்தத்தை எழுப்பிப் பார்த்தது. புகார்கள் குவிந்தன. 1973-ல் நிலத்தின் மீது பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்ச அங்கே தடை வந்தது.

விமானம் சிறியதென்றால் சத்தமும் சிறியதுதானே என்று தரகர் சொல்வார். எடை குறைந்தால் சத்தம் குறையும் என்பது சரி. ஆனால் சத்தத்தை 'தொப்' என்ற அளவுக்கு மழுக்க வேண்டுமானால் விமானம் நீளமாக வேண்டும், அதிர்வலைகள் ஒன்றன் மேல் ஒன்று சேராமல் பரவுவதற்கு. நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானத்தைப் பாருங்கள். நீளம் 30 மீட்டர். உள்ளே இருக்கை ஒன்றே ஒன்று, விமானிக்கு. மூக்கே மூன்றில் ஒரு பங்கு. மூக்கு மறைப்பதால் முன்கண்ணாடி கிடையாது. கேமராப் படத்தைத் திரையில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஒலியை மிஞ்சிப் பறந்த பழைய பயணிகள் விமானம் கான்கார்டின் சத்தம் 105 டெசிபல் அளவு என்றால் இதன் இலக்கு 75. 2025 அக்டோபர் 28 அன்று கலிஃபோர்னியாவின் பாம்டேலில் முதல் தடவை பறந்தது. இனி அமெரிக்க ஊர்கள் மீது பறந்து, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தத் தரவை அமெரிக்க, சர்வதேச ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் கொடுப்பதுதான் திட்டம். விதி எழுதுவது அதற்கப்புறம். பத்து இருக்கை ஜெட்டில் இந்த வித்தையைப் புகுத்துவது அதற்கும் அப்புறம்.

இன்னொரு வழி உண்டு. கீழே காற்று சூடு அதிகம், அங்கே ஒலியின் வேகமும் அதிகம். அதனால் ஒலியை லேசாக மட்டும் மிஞ்சினால், அதாவது மாக் 1.1, 1.2 அளவில், அதிர்வலை தரையைத் தொடாமல் மேல்நோக்கி வளைந்துவிடும். 2025 ஜனவரி 28 அன்று பூமின் எக்ஸ்பி-1 சோதனை விமானம் மொஹாவி பாலைவனத்தின் மீது மாக் 1.12 வரை பறந்தபோது தரையில் வெடிச்சத்தம் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 6 அன்று, அந்தப் பழைய தடையை நீக்கும்படி விமானத் துறைக்கு அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். செய்தி நல்லதுதான். ஆனால் அந்த ஆணை அமெரிக்க வானத்துக்கு. சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவருக்கு வேண்டியது மலேசியா, இந்தோனேசியா, இந்தியா, வளைகுடா, ஐரோப்பா எல்லாருடைய சம்மதமும்.

இதில் சிங்கப்பூருக்கே ஓர் அனுபவம் உண்டு. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன்-பஹ்ரைன்-சிங்கப்பூர் கான்கார்ட் சேவை தொடங்கின. விமானத்தின் ஒரு பக்கம் இவர்கள் வண்ணம், மறுபக்கம் அவர்கள் வண்ணம். மலேசியா சத்தத்தைச் சொல்லி எதிர்த்ததால் மூன்றே சுற்றுகளில் நின்றது. 1979-ல் மலேசிய வான்வெளியைத் தவிர்த்து மீண்டும் தொடங்கினார்கள். இந்தியா தன் வானில் ஒலியை மிஞ்ச விடவில்லை. 1980-ல் சேவையைக் கைவிட்டார்கள்.

இப்போது உங்கள் மூன்று ஊர்களுக்குத் தோராயக் கணக்கு. உயரத்தில் மாக் 1.4 என்பது மணிக்குச் சுமார் 1,490 கி.மீ.; இன்றைய வேகமான ஜெட்டின் மாக் 0.92 சுமார் 980. தோக்கியோ 5,300 கி.மீ., வழி பெரும்பாலும் கடல். ஏறவும் இறங்கவும் 800 கி.மீ. கழித்தால் மீதியில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். இது நிஜமான லாபம். சென்னை 2,900 கி.மீ.; வங்காள விரிகுடா முழுக்க வேகமாகப் போனாலும் முக்கால் மணி நேரம் மிஞ்சினால் பெரிது. குடிநுழைவு வரிசையில் அது கரைந்துவிடும்.

லண்டனில்தான் வேடிக்கை. 10,900 கி.மீ. தூரம். ஏஎஸ்2 எட்டக்கூடியதாகச் சொன்னது 7,800 கி.மீ. சொச்சம்தான். ஆக, வளைகுடாவில் இறங்கி எரிபொருள் போட வேண்டும். இந்தியாவைத் தவிர்த்து இலங்கைக்குத் தெற்கே கடல்வழியாக வேகமாகப் போனாலும் வளைகுடாவுக்குச் சுமார் ஐந்து மணி நேரம், தரையில் ஒரு மணி நேரம், அங்கிருந்து லண்டன் வரை நிலம் என்பதால் ஒலிக்குக் கீழே ஐந்தரை மணி நேரம். மொத்தம் பதினொன்றரை. நிற்காமல் மாக் 0.92-ல் போகும் ஜெட்டும் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேரும், வாடிக்கையாளரும் நடுவில் எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டு போகலாம். பம்பார்டியர் குளோபல் 8000 உச்சத்தில் மாக் 0.95 தொடும், 14,800 கி.மீ. எட்டும், அறிவித்தபோது விலை 8 கோடி டாலருக்குக் கீழே. அதன் சோதனை விமானம் 2021-ல் ஒலியையே தாண்டிக் காட்டியது. பயணிகளோடு அப்படிப் பறக்க அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

ஓடுபாதையையும் பாருங்கள். ஏஎஸ்2 முழு எடையில் புறப்படச் சுமார் 2,300 மீட்டர் கேட்டது. சிங்கப்பூரின் சிறிய விமான நிலையமான சிலேத்தாரில் இருப்பது 1,800 மீட்டர் சொச்சம். நீங்கள் சிலேத்தாரிலிருந்து இயங்குகிறீர்கள் என்றால் சாங்கிக்கு மாற வேண்டியிருக்கும். அந்தச் செலவை யாரும் படத்தில் காட்டமாட்டார்கள்.

சரி, முதலாளி இதற்கெல்லாம் மசியவில்லை, பெயராவது பதிந்து வைப்போம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பணம் விற்பவர் கணக்குக்குப் போகவே கூடாது. மூன்றாம் தரப்பு எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும் வரை நடுவில் ஒருவர் பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில், இருக்க வேண்டும், வட்டி உங்களுக்கு. நிறுவனம் மூடினால் முன்பணம் கொடுத்தவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், எஸ்க்ரோ அதற்காகத்தான். பணம் திரும்பக் கிடைப்பது 'முதல் பறப்பு' வரை என்று எழுதிவிட்டுப் பாதி அளவு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டு நிபந்தனை நிறைவேறியது என்பார்கள். ஆகவே, முழு அளவு விமானம், விற்கப்போகும் அதே ரக எஞ்சினோடு ஒலியை மிஞ்சிப் பறக்கும் வரை முழுத் தொகையும் திருப்பித் தரத்தக்கது என்று எழுதி வாங்குங்கள். அந்த இடத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையும் சேரட்டும். முன்பணத்தைப் பங்காக மாற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தரகரிடம் ஒரே காகிதம் கேளுங்கள்: எஞ்சின் தயாரிப்பாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சான்றிதழ் செலவு யாருடையது என்ற பக்கத்தோடு. 'பேச்சுவார்த்தை நடக்கிறது' என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தமே வந்தால் எனக்கு அனுப்புங்கள், எஞ்சின் பகுதியை நான் படித்துப் பார்க்கிறேன்.