ஆடிக் கச்சானும் கள்ளக்கடலும்: கடல் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உவரிக்கும் கூட்டப்புளிக்கும் இடைப்பட்ட கரையிலிருந்துதான். ஆடி பிறந்துவிட்டது, காற்றும் எழும்பிவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்கக் கடல்தான்.

கேள்வி: அண்ணாச்சி, படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு பைபர் படகில் போகிறேன். இப்போது காலையில் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. போனில் இருக்கும் செயலியும் ஒரு மீட்டருக்குள்தான் அலை காட்டுகிறது. ஆனாலும் அப்பா இன்றைக்கு வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கூட்டப்பனை

பதில்: அப்பா சொல்வதுதான் சரி தம்பி. நம் கரை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்காக ஏறிப்போகிற கரை இது, முகம் தென்கிழக்கே. ஆடியில் அடிக்கிற கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குப்பட்டு, வேகம் கூடி, பணகுடி, ராதாபுரம் பொட்டல்களைத் தாண்டி நம் தலைக்கு மேலாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. அலை உண்டாக வேண்டுமென்றால் காற்று தண்ணீர் மேல் கொஞ்சதூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அதற்கு இடமே இல்லை, அதனால்தான் உங்கள் கண்ணுக்குக் குளம் தெரிகிறது. எட்டு, பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் அதே காற்று குட்டை குட்டையாய், செங்குத்தாய் அலையைக் கிளப்பி வைத்திருக்கும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

செயலி பொய் சொல்லவில்லை. அது கடலைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரியைத்தான் தருகிறது. ஒரு கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றை அந்தச் சராசரியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனக்கு இருபது வயது இருக்கும்போது இப்படி ஒரு காலையில் பெரியப்பாவோடு போனேன். எஞ்சின் திடீரென்று நின்றது, கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. நான் எஞ்சினோடு மல்லுக்கட்டிய நேரத்தில் கரைப் பனைமரங்கள் விரல் உயரத்துக்குச் சுருங்கிவிட்டன. பெரியப்பா கடைசியில் நங்கூரத்தைப் போட்டார், ஆனால் அதற்குள் ஆழம் கூடி கயிறு தரையைத் தொடவில்லை. வேறு ஊர்ப் படகு ஒன்று எங்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. அன்றைக்கு அந்தப் படகு அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை. கச்சான் காலத்தில் எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம், ரிப்பேர் அப்புறம்தான். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு படகில் இருக்க வேண்டும்.

கரையில் நின்றே கச்சானைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மணல் கணுக்காலில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுகிறதா பாருங்கள். உடைகிற அலையின் உச்சியில் நுரை, குதிரைப் பிடரி போலப் பின்னால், கடல் பக்கமாகப் பறக்கும். தேரிக்காட்டுச் செம்புழுதி எழும்பித் தண்ணீர் மேல் போவதும் தெரியும். ராதாபுரம் பக்கம் வருகிறவர்கள் காற்றாலைக் காற்றாடிகளைப் பார்க்கலாம், அவை காற்றை எதிர்கொண்டுதான் நிற்கும். எல்லாம் மேற்கே முகம் வைத்து விடாமல் சுற்றினால் அன்றைக்குக் கடலுக்குள் காற்று கரையில் தெரிவதைவிட அதிகம்.

கேள்வி: வள்ளியூரில் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சின்னப் படகில் தூண்டில் போடப் போவோம். இணையத்தில் ஓத அட்டவணை பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. அமாவாசைக்குக் கடலில் இறங்கக் கூடாதா?
– ஒரு வாசகர்

பதில்: நம் பக்கம் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் தினமும் ஏறி வற்றுவதை, பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. குஜராத்தில் பவநகர்ப் பக்கம் தண்ணீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். இங்கே அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில்கூடப் பெரும்பாலும் முக்கால் மீட்டரைச் சுற்றித்தான். நிலவு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால் ஏற்றமும் அப்படியே தள்ளிப்போகும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் உச்சம், அஷ்டமியை ஒட்டி மந்தம்.

அட்டவணையில் 0.9 என்று போட்டிருந்தால் அங்கே தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீர்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழத்தோடு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அட்டவணை தூத்துக்குடித் துறைமுகத்துக்கானது என்றால் உங்கள் ஊருக்கு நிமிடக் கணக்கில் பொருந்தாது. ஒரு மாதம் ஒரே பாறையிலோ, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவிலோ தண்ணீர் தொடும் இடத்தைப் பார்த்து நேரத்தை எழுதி வாருங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும்.

இவ்வளவு சின்ன ஓதம் எங்கே கை வைக்கும் என்றால் மூன்று இடம். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, மேலே படகை நிறுத்தித் தூண்டில் போடுகிறவர்கள் வற்றத்தில் அடித்தட்டை உரசிவிடுவார்கள். புன்னக்காயல் மாதிரி ஆற்று முகத்துவாரத்தில் வற்றம் வெளியே ஓட, காற்று எதிரே அடிக்க, அலை திடீரென நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது, பெரிய அலை வருகிற நாளில் ஏற்றமும் சேர்ந்தால் தண்ணீர் தெருவுக்கே வரும், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அப்புறம் ஒன்று, நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், ஓதமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். நம் கடலில் நீவாடு காற்றையும் பருவத்தையும் பார்த்து ஓடுவது, வற்றம் வந்தால் திரும்பிவிடும் என்று காத்திருந்து ஏமாறக் கூடாது.

அமாவாசைக்குப் போகலாம். கச்சானுக்குத்தான் போகக் கூடாது.

கேள்வி: வானிலை அறிக்கையில் "சூறாவளிக்காற்று 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்று வருகிறதே, புயலா?
– ஒரு வாசகி, கூடுதாழை

பதில்: புயல் இல்லை, விட்டுவிட்டு வேகம் கூடி அடிக்கிற காற்று. ஆனால் அந்த 65-ஐ லேசாக நினைக்காதீர்கள். காற்றின் வேகம் கூடும்போது அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும், 45-ல் படகைத் தள்ளுவதைப்போல 65-ல் இரண்டு மடங்கு தள்ளும். அறிக்கையில் "மன்னார் வளைகுடா", "குமரிக்கடல்" இரண்டையும் தேடிப் பாருங்கள், நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்றாம் எண் என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது, மூன்றாம் எண் என்றால் சூறைக்காற்று அந்தத் துறைமுகத்துக்கே வரலாம். தூத்துக்குடியில் மூன்று ஏறினால் நமக்கும் ஏறியதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: அலை 2 மீட்டர் என்றால் 2 மீட்டருக்கு மேல் வராதுதானே?
– ஒரு மாணவர், ராதாபுரம்

பதில்: வரும். வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைத்தான் அலை உயரம் என்று அறிவிக்கிறார்கள். தனியாக ஓர் அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குகூட எழும்பலாம்.

கேள்வி: கள்ளக்கடல் என்கிறார்களே, காற்றும் இல்லை மழையும் இல்லை, எப்படித் தண்ணீர் ஊருக்குள் வருகிறது? அதுவும் சுனாமி மாதிரியா?
– ஓர் ஆசிரியை, இடிந்தகரை

பதில்: சுனாமி கடலடி நிலநடுக்கத்தில் பிறப்பது, 2004 டிசம்பர் 26-ஐ நம் கரையில் யாரும் மறக்கவில்லை. கள்ளக்கடல் முழுக்க முழுக்கக் காற்றில் பிறப்பது, ஆனால் நம் காற்றில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கிற புயற்காற்று கிளப்பிய அலை, புயல் அங்கேயே அடங்கிய பிறகும் நாட்கணக்கில் பயணம் செய்து நம் வாசலுக்கு வருகிறது. சத்தமில்லாமல் திருடன் மாதிரி வருவதால் கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர், இப்போது விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அலையின் உயரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள், அதாவது ஓர் அலை போய் அடுத்தது வர எத்தனை வினாடி. பக்கத்துக் காற்றில் எழுகிற அலைக்கு ஐந்தாறு வினாடி இருக்கும், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு ஐம்பது, அறுபது மீட்டர். கள்ளக்கடலுக்கு 18 வினாடி என்று வையுங்கள், முகட்டுக்கு முகடு ஐந்நூறு மீட்டர். அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் நகரும். நடுக்கடலில் படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும்தான் நீளமெல்லாம் சுருங்கி உயரமாக மாறுகிறது. இன்னொரு கொடுமை, பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சில நிமிடம் ஒன்றும் இராது. அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது, எச்சரிக்கை அன்றைக்கு ஏற்கெனவே விடப்பட்டிருந்தது.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த அலைகளை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கணித்துச் சொல்கிறது. உங்கள் மாணவர்களுக்கு அந்த அறிவிப்பில் வினாடிக் கணக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பதினைந்துக்கு மேல் இருந்தால், உயரம் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தாலும், கரையோரம் விளையாட்டு கிடையாது. படகுகளை மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும், தண்ணீரில் கட்டியிருந்தால் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். ஏற்கெனவே கடலில் இருப்பவர்கள் அலை உடைகிற இடத்துக்குள் புகுந்து கரையேறப் பார்ப்பதுதான் ஆபத்து, வெளியே ஆழத்தில் பொறுத்திருப்பது மேல். எண்ணெய் இருந்தால் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு விடலாம்.

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்குப் போனால் ரெண்டு நாள் ஆகும். அவர் போன பிறகு போனில் எச்சரிக்கை வருகிறது. அவருக்குப் போட்டால் எடுப்பதில்லை. நான் என்ன செய்ய?
– ஒரு சகோதரி, கூத்தங்குழி

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30-ஆம் தேதி காலை குமரிக்குப் பக்கத்திலேயே புயலாகிவிட்டது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் பெரிய சாவுக்குக் காரணம். கைபேசி கோபுரம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டுவதில்லை.

அதற்குப் பிறகு, 2019-இல், ஜெமினி என்ற சின்னக் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிப் படகில் இருக்கும் போனுக்குக் கொடுக்கும், கோபுரம் தேவையில்லை. ஆனால் வாங்க மட்டும்தான் செய்யும், அவர் உங்களுக்குப் பதில் அனுப்ப முடியாது. பேச வேண்டுமென்றால் வி.எச்.எஃப் வயர்லெஸ் வேண்டும், அதில் 16-ஆம் சேனல் அவசரத்துக்கு. அது நேர்க்கோட்டில்தான் போகும் என்பதால் கரையை எட்டாவிட்டாலும் பக்கத்துப் படகை எட்டும், அந்தப் படகு அடுத்ததற்குச் சொல்லும். உங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரே நேரம் வைத்து, காலையும் மாலையும் அந்த வயர்லெஸ்ஸைத் திறந்து வைக்கும்படி ஊர்க்கமிட்டியில் பேசுங்கள். நீங்களே எழுந்து பேசுங்கள், காத்திருந்து தவிப்பது நீங்கள்தானே.

அவர் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பாரு, எந்தத் திசை, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பேர், படகின் பதிவு எண், நிறம், எத்தனை லிட்டர் எண்ணெய், எப்போது திரும்புவது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். சொன்ன நேரம் தாண்டினால், ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டு விடிந்ததும் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், காற்று அந்த ராத்திரியில்தான் படகை எங்கோ கொண்டுபோகும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அழைத்ததும் அந்தத் தாளை அப்படியே வாசியுங்கள், தாளை வீட்டில் விளக்கு மாடத்துப் பக்கம், பிள்ளைகளுக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.