ஸ்டெம் செல் ஆய்வு என்கிறாள் மகள், வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படிக்கும் மகள், மருந்தும் ரசாயனமும் வயிற்றுக் கருவைப் பாதிக்குமா என்று ஸ்டெம் செல்லில் (உடலின் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லில்) சோதிக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்; இதெல்லாம் பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் ஸ்டெம் செல் என்ற பெயரின் கவர்ச்சியில் மட்டும் போகாமல், நச்சியலை, அதாவது டாக்ஸிகாலஜியை, அவள் முறையாகப் படித்தாக வேண்டும். சம்பளம் வருவது அங்கிருந்துதான்.

தாலிடோமைடு பற்றி அவளே சொல்லியிருப்பாள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மாத்திரை. கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள். உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள்; 1961இல்தான் அங்கே மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். எலிகளுக்கு அந்த மருந்து கொடுத்தால் குட்டிகளுக்கு அப்படிக் குறை வருவதில்லை, முயலுக்கு வருகிறது. எந்த விலங்கை நம்புவது?

இந்தச் சிக்கலுக்குத்தான் மாற்று வழி தேடினார்கள். 1990களில் பெர்லினில் ஹார்ஸ்ட் ஸ்பீல்மன் குழு உருவாக்கிய சோதனையில், சுண்டெலிக் கருவின் ஸ்டெம் செல்களைச் சிறு சிறு துளிகளாகப் பெட்ரி தட்டின் மூடியில் வைத்துக் கவிழ்ப்பார்கள். தொங்கும் துளிக்குள் செல்கள் உருண்டையாகச் சேரும். பத்தாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இதயத் தசையாக மாறிய பகுதிகள் துடிக்கும். ரசாயனம் கலந்ததில் துடிப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த செல்லைக் கொல்லாத அளவிலேயே இந்த மாற்றத்தைத் தடுத்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். இப்போது மனித ஸ்டெம் செல்களிலும் இப்படிச் சோதிக்கிறார்கள்.

தட்டில் நஞ்சுக்கொடி கிடையாது, தாயின் கல்லீரலும் கிடையாது. அதனால் விலங்குச் சோதனை இன்னும் நிற்கவில்லை. இருந்தாலும் காற்று மாறுகிறது: 2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று சட்டத்தைத் திருத்தியது, 2023 மார்ச்சில் இந்தியாவும் புதிய மருந்து விதிகளில் விலங்கில்லாச் சோதனைகளுக்கு இடம் கொடுத்தது. விலங்குச் சோதனை, செல் சோதனை இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் டெக்னீஷியன் வேலைதான் கிடைக்கும். எம்.எஸ்சி. அவசியம்; அதற்கான நுழைவுத் தேர்வுகளான ஜி.ஏ.டி.-பி, ஐ.ஐ.டி. ஜாம் இரண்டும் எழுதட்டும். கல்லூரி பார்க்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் விசாரியுங்கள்: செல் கல்ச்சரை, அதாவது ஆய்வகத்தில் செல் வளர்ப்பதை, மாணவர்கள் தங்கள் கையால் செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்களா? செல்லுக்கு ஞாயிறு தெரியாது, விடுமுறையிலும் போய் அது வளரும் திரவத்தை மாற்ற வேண்டும். அதை அவள் ஒரு கோடை ப்ராஜெக்டிலேயே அனுபவித்துப் பார்க்கட்டும். லக்னோவில் சி.எஸ்.ஐ.ஆரின் நச்சியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் படப்பையில் ஒரு நச்சியல் நிறுவனம் இருக்கிறது. அப்புறம், ஜி.எல்.பி. என்ற ஆய்வக ஒழுங்குமுறையையும் புள்ளியியலையும் இப்போதே படிக்கத் தொடங்கட்டும். சோதனை நிறுவனங்களின் இன்டர்வியூவில் முதலில் கேட்பது அதைத்தான்.