அமைதியான சுபாவம் உள்ளவர்கள் நர்சிங் படிக்கலாமா?

நான்கு பேர் முன்னால் பேசத் தயங்கும் பிள்ளையை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்கலாமா என்பது பல பெற்றோரின் கேள்வி. தாராளமாகச் சேர்க்கலாம்.

தனிமையில் தெம்பு பெறுபவரை அகமுக இயல்பினர் என்றும், கூட்டத்தில் தெம்பு பெறுபவரைப் புறமுக இயல்பினர் என்றும் சொல்கிறோம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் இந்தப் பிரிவைப் பரவலாக்கினார். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். பேச்சும் கலகலப்பும் ஒருவருக்கு உற்சாகம் தருகின்றன. இன்னொருவருக்கு அவையே சீக்கிரம் மிகையாகிவிடுகின்றன. அடிப்படை வேறுபாடு அவ்வளவுதான்.

ஊற்றுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் இறைத்தால் நீர் வற்றும். இரவில் சும்மா விட்டால் ஊறிவிடும். வார்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு விடுதி அறையில் தனியே உட்காரும் மாணவியும் அப்படித்தான். அவரைத் திமிர் பிடித்தவர் என்று தோழிகளோ ஆசிரியர்களோ முத்திரை குத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நோயாளியின் மூச்சு சற்று மாறியதையும், வலியைச் சொல்லாமல் முகம் சுளித்ததையும் கவனிக்கப் பொறுமையான கண் வேண்டும். அமைதியானவர்கள் பலரிடம் அது இருக்கிறது. ஆனால் பணி மாறும்போது அடுத்த செவிலியரிடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லி ஒப்படைத்தே ஆக வேண்டும்; அதைப் பயிற்சியால் கற்கலாம்.

அகமுகமும் கூச்சமும் ஒன்றல்ல: கூச்சம் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அகமுகத்தில் அந்தப் பயம் இருந்தாக வேண்டியதில்லை.