சின்ன வயதில் அமைந்த குணம் அதற்கு மேல் மாறாதா?

"குழந்தையில் எப்படி வளர்ந்தோமோ அதுதான் நம் குணம், பிறகு மாறாது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை அப்படிச் சொல்லி நோகடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாறு வயதுக்குள் ஆளுமைக்கு அஸ்திவாரம் போட்டாகிவிடும் என்றவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் பிராய்ட். அவர் மகள் ஆன்னாவிடம் பயிற்சி பெற்ற எரிக்சனோ 1950-இல் வந்த தன் நூலில் முதுமை வரை மனித வளர்ச்சிக்கு 8 கட்டங்களை வகுத்தார். நடுவயதிலும் மனிதன் வளர்கிறான் என்பதை அந்த நூலைப் பற்றி அறிவதற்கு முன்பே நான் வீட்டில் பார்த்துவிட்டேன்.

எங்களுக்குச் சென்னையின் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு. 1998-இல் அப்பா தவறியபோது அம்மாவுக்கு 38 வயது. அதுவரை மளிகைக் கடையில்கூட என்னைத்தான் பேச விடுவார். பக்கத்து வீட்டு அத்தைதான் "வா, கூடையை எடு" என்று விடியற்காலை மீன் ஏலத்துக்கு இழுத்துப் போனார். ஒரு வாரம் அம்மா அத்தையை ஒட்டியே நின்று, யார் எப்போது விலை ஏற்றுகிறார்கள், யார் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார். எட்டாம் நாள் ஒரு கூடை சங்கரா மீனுக்கு விலை சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கையை மட்டும் தூக்கினார். கூடை வேறொருவருக்குப் போய்விட்டது. மறுநாள் கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு லாபம் 40 ரூபாய். ராத்திரி முந்தானை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தபால் வழியில் உளவியல் படித்தபோது உளவியலாளர் பண்டூரா 1977-இல் எழுதியது கண்ணில் பட்டது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்த்தும், பிறர் தைரியம் சொல்லியும் வரும். ஆனால் தானே ஒருமுறை செய்து ஜெயிப்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவானது என்கிறார். அம்மாவின் ஒன்பது நாளும் அதில் இருந்தது.

சிறுவயது முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாயோடு குழந்தைக்கு உண்டாகும் பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் பவுல்பி சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். கல்யாண வீட்டில் அம்மா இன்றும் ஓரமாகத்தான் உட்காருவார். ஒரு ஆளை வைத்துக் கோட்பாடு பேசாதே என்பீர்கள். சரி, ஆனால் 'மாறவே மாறாது' என்பதை மறுக்க ஒரு ஆள் போதுமே.

ஏலத்தில் ஜெயித்தவரை பஸ்தான் தோற்கடித்தது. கூடையைப் பார்த்தால் நிறுத்த மாட்டார்கள். ஏறிவிட்டாலும் நாற்றம் என்று இறக்கிவிடுவார்கள். வண்ணாரப்பேட்டை வரை தலையில் சுமந்தே நடப்பார். 2021-இல் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்ததே, அதைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. டிவியை அணைக்கச் சொன்னார்.