சிவிங்கிப்புலி அவ்வளவு வேகமாக ஓடியும் பிடித்த இரையை ஏன் பறிகொடுக்கிறது?

உடம்பு முழுக்க ஓட்டத்துக்கென்றே அமைந்தது, சண்டைக்கு ஆகாது. (நம் காட்டுச் சிறுத்தை வேறு விலங்கு. கண்ணிலிருந்து வாயோரம் வரை கறுப்புக் கோடு இறங்கினால்தான் சிவிங்கி.)

தரையைப் பற்றி ஓடுவதற்காக இதன் நகங்கள் முழுதாக உள்ளே மடங்குவதில்லை. அதனால் முனை தேய்ந்து மழுங்கிவிடும். முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே இருக்கும் ஒற்றை நகம் மட்டும் கூர்மை. ஓடும் மானை அதால் கொக்கி போட்டதுபோல் இழுத்துச் சாய்க்கும். மூச்சுக்காக மூக்கின் உட்பாதை அகன்றிருப்பதால் கோரைப்பல் வேருக்கு இடம் குறைவு, பல்லும் சிறியது. எனவே தொண்டையைக் கவ்வி, மூச்சடங்கும்வரை சில நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்குள் கழுதைப்புலியோ சிங்கமோ வந்துவிட்டால் எதிர்க்காமல் விலகிவிடும். காலில் காயம் பட்டால் அடுத்த வேட்டை ஏது? பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவதும் இவற்றுக்குப் பயந்துதான்.

மணிக்கு 110 கி.மீ. என்று எல்லோரும் எழுதுகிறார்கள். போட்ஸ்வானாவில் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி அளந்து 2013-இல் வெளியான ஆய்வில் உச்ச வேகம் 93 கி.மீ.; துரத்தும் தூரம் சராசரியாக 173 மீட்டர்தான். என்னைக் கேட்டால், சட்டென்று வேகத்தைக் குறைத்து, வாலை வீசி நிலைகுலையாமல் திரும்புகிறதே, அதுதான் அசல் வித்தை.