ஒரு குடி எப்படி உருவாகிறது? வென்ஸ்குஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ரோமப் பேரரசு சரிந்த காலத்து ஜெர்மானியக் குடிகளான கோத்துகள், லாங்கோபார்டுகள் பற்றி எதைப் படித்தாலும் அடிக்குறிப்பில் ‘வென்ஸ்குஸ், 1961’ என்று இருக்கிறது. யார் இவர்?

பதில்: ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ், ஜெர்மன் வரலாற்றாசிரியர். 1916இல் மேமல் பகுதியிலுள்ள சவுகனில் பிறந்தார். அப்போது அந்த ஊர் கிழக்குப் பிரஷ்யாவில் இருந்தது, இன்று லித்துவேனியாவில் இருக்கிறது. அவர் முப்பது வயதை எட்டுவதற்குள் அந்த மண் பிரெஞ்சு நிர்வாகத்துக்கும், 1923இல் லித்துவேனியாவுக்கும், 1939இல் மறுபடி ஜெர்மனிக்கும், போர் முடிந்ததும் சோவியத்துக்கும் கைமாறிவிட்டது. மார்பர்கில் ஹெல்முட் பாய்மானிடம் படித்தார். முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது குவெர்ஃபுர்ட் ப்ரூனோவை. 1009இல் பிரஷ்ய, லித்துவேனிய எல்லையில் கொல்லப்பட்ட மதபோதகர் அவர். 1963இல் கோட்டிங்கனில் பேராசிரியரானார். ஜெர்மானியத் தொல்பொருளியல் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு 1973 முதல் 35 தொகுதிகளாக வந்ததே, அதன் பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். 2002இல் காலமானார்.

கேள்வி: 1961 நூலில் அப்படி என்ன புதிதாகச் சொன்னார்?

பதில்: நூலின் பெயர் ‘ஷ்டாம்மெஸ்பில்டுங் உண்ட் ஃபெர்ஃபாஸுங்’. ‘குடி உருவாக்கமும் அமைப்பும்’ எனலாம். ஜெர்மனில் ‘ஷ்டாம்’ என்றால் குடி. மரத்தின் அடித்தண்டுக்கும் அதே சொல்தான். ஒரு குடி என்றதும் ஒரே வேரிலிருந்து கிளைத்த ரத்த உறவு மனதில் வருவதற்கு அந்தச் சொல்லே பாதி காரணம். அவருக்கு முந்தைய தலைமுறையில் தொல்பொருள் ஆய்வாளர் குஸ்டாஃப் கொசின்னா போன்றோர் ஒரே மாதிரிப் பானை, ஒரே மாதிரி ஊசி கிடைத்த இடமெல்லாம் ஒரே இனம் வாழ்ந்த இடம் என்று கோடு கிழித்தார்கள். நாஜி ஆட்சி அந்தக் கோட்டை அரசியலுக்கு எடுத்துக்கொண்டது.

வென்ஸ்குஸ் இதை மறுத்தார். குடியைக் கட்டிப்போடுவது ரத்தம் அல்ல, ‘நாங்கள் ஒரே வழியினர்’ என்ற நம்பிக்கை. ஒரு சிறு கூட்டம், பெரும்பாலும் அரச குடும்பமும் அதைச் சூழ்ந்த போர்வீரர்களும், ஒரு பெயரையும் ஒரு தோற்றக் கதையையும் சுமந்துவருகிறது. அதை அவர் ‘மரபுக் கரு’ என்றார். வெற்றி கிடைக்கக் கிடைக்க வேறு வேறு ஆட்கள் அந்தப் பெயருக்குள் வந்து சேர்கிறார்கள்.

கேள்வி: வேறு ஆட்கள் சேர்ந்தார்கள் என்பதற்கு மூலங்களில் சான்று உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. 568இல் அல்போயின் மன்னர் இத்தாலிக்குள் லாங்கோபார்டுகளை அழைத்துவந்தார். கூட வந்தவர்கள் கெபிடுகள், பல்காரியர், சர்மேஷியர், பனோனியர், சுவேபியர், நோரிக்கர் என்று எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய பவுல் என்ற துறவி பட்டியல் தருகிறார். அவர்கள் குடியிருந்த கிராமங்கள் தம் காலத்திலும் அந்தப் பெயர்களிலேயே வழங்குவதாகவும் சொல்கிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சேராமல் போனவர்களின் கதை. அதே படையெடுப்பில் 20,000க்கும் மேற்பட்ட சாக்சன் ஆண்கள் மனைவி மக்களோடு வந்தார்கள் என்கிறார் பவுல் (எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், இடைக்கால எண்கள் பெருக்கிச் சொல்லப்படுபவை). தங்கள் சொந்தச் சட்டப்படி வாழ லாங்கோபார்டுகள் விடவில்லை என்றதும் அவர்கள் மூட்டை கட்டித் திரும்பிவிட்டார்கள். ஆக, வாளைச் சேர்த்துத் தூக்கினால் மட்டும் போதாது. எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறாய் என்பதுதான் கதவு. ரூகியர்கள் என்ற சிறு குடி இன்னொரு வகை. கோத்துகளோடு இத்தாலிக்கு வந்தும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால் தனிப்பெயர் அழியவில்லை என்று ஆறாம் நூற்றாண்டு பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதுகிறார். ஆனால் 541இல் எராரிக் என்ற ரூகியரே கோத்துகளுக்கு ஐந்து மாதம் அரசராகவும் இருந்தார்!

கேள்வி: தோற்றக் கதைகளை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் எதற்குச் சான்று என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். லாங்கோபார்டுகளின் கதையைப் பாருங்கள். முதலில் வின்னிலி என்று பெயர். வாண்டல்கள் என்ற இன்னொரு குடியினர் கப்பம் கேட்கிறார்கள். பொழுது விடியும்போது யாரை முதலில் பார்க்கிறேனோ அவர்களுக்கே வெற்றி என்கிறார் கடவுள் வோடன். அவர் மனைவி ஃப்ரேயா சொல்லிக்கொடுத்தபடி வின்னிலிப் பெண்கள் கூந்தலை அவிழ்த்து, தாடிபோல முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்களோடு நிற்கிறார்கள். ஃப்ரேயா கட்டிலை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு வோடனை எழுப்புகிறாள். “யார் இந்த நீளத்தாடிக்காரர்கள்?” என்கிறார் அவர் (லாங்கோபார்ட் என்ற பெயருக்கு அதுதான் பொருள்). “பெயர் வைத்தீர்களே, வெற்றியும் கொடுங்கள்” என்கிறாள்.

இதை வைத்துப் போர் நடந்த ஆண்டைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்தக் கதை லாங்கோபார்ட் மன்னர் ரோத்தாரி 643இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பின் ஏடுகளோடு சேர்ந்து நமக்கு வந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிறித்தவர்களாகிவிட்டவர்களின் சட்டப் புத்தகத்தோடு வோடன் கதை ஏன் பயணம் செய்கிறது? யார் லாங்கோபார்ட் என்று சொல்ல அந்தப் பெயர்க் கதை தேவைப்பட்டது.

அடிக்கடி நேரும் தவறு, வம்சாவளியைத் தலைமுறைக்கு 25 ஆண்டு என்று பெருக்கிக் காலம் கணிப்பது. அதே சட்டத்தின் முகவுரையில் ரோத்தாரி தன்னை 17ஆவது அரசர் என்கிறார். நூறாண்டுக்கு முன்னால், கோத் அரசர்களிடம் அமைச்சராக இருந்த ரோமர் காசியோடோரஸ், கோத் அரசர் அதலாரிக்கை அமல் என்ற அரச குடும்பத்தின் 17ஆவது தலைமுறை என்று எழுதியிருந்தார். இரண்டு வெவ்வேறு குடிகளில் ஒரே எண் வந்து நின்றால், எண்ணைச் சரியாக்கிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: வென்ஸ்குஸை இன்று யாரும் ஏற்பதில்லை என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. வியன்னாவில் ஹெர்விக் வோல்ஃப்ராமும் வால்டர் போலும் அவர் வழியை வளர்த்தார்கள். வால்டர் கோஃபார்ட்டும், 2002இல் ஆண்ட்ரூ கில்லெட் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பின் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் யோர்டானிஸ் என்பவர் கான்ஸ்டான்டினோப்பிளில் உட்கார்ந்து லத்தீனில் எழுதிய கோத்துகள் வரலாற்றை, கோத்துகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த நினைவு என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. மரபுக் கரு என்ற பகுதி இதில் ஆட்டம் காண்கிறது. பிரபுக்களின் மீது வென்ஸ்குஸ் வைத்த அளவுகடந்த நம்பிக்கையும் பழைய ஜெர்மன் புலமையின் மிச்சம்தான். ஆனால் குடி என்பது மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று என்ற அடிப்படை அசையவில்லை.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை வந்தபின் இந்த விவாதம் தேவையா?

பதில்: இன்னும் அதிகமாகவே தேவை. ஹங்கேரியின் சோலாத், இத்தாலியின் கொலேன்யோ ஆகிய இரு லாங்கோபார்ட் காலக் கல்லறைகளில் 63 பேரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2018இல் வெளிவந்தது. இரண்டிலும் ஒரு பெரிய உறவினர் கூட்டம் நடுவில் இருந்தது. வட ஐரோப்பிய வழியினர், தென் ஐரோப்பிய வழியினர் இருவரும் ஒரே இடுகாட்டில் கிடந்தார்கள். புதைபொருள் வழக்கமோ பெரும்பாலும் வழியைப் பொறுத்து வேறுபட்டது. யார் யாருக்கு உறவு என்பதை எலும்பு சொல்லிவிடும். தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொண்டார் என்பதை அது சொல்லாது.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: வென்ஸ்குஸின் நூலிலிருந்து வேண்டாம். 650 பக்கத்துக்கு மேல், அடர்த்தியான ஜெர்மன். லாங்கோபார்டுகளின் தோற்றக் கதை சில பக்கம்தான், அதை முதலில் முடியுங்கள். அடுத்து பவுலின் வரலாறு. வில்லியம் டட்லி ஃபௌல்க் 1907இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. படிக்கும்போது ஓரத்தில் ஒரு புதிய குடியின் பெயர் வரும் இடமெல்லாம் மூன்று குறிப்பு எழுதுங்கள்: அந்தப் பெயரைச் சொல்வது உள்ளே இருப்பவரா வெளியாளா, சம்பவத்துக்கும் எழுத்துக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி, அவர்கள் எந்தச் சட்டத்தில் வாழ்கிறார்கள். பிறகு வோல்ஃப்ராமின் கோத்துகள் வரலாறு. அதன்பின் வென்ஸ்குஸைக் கையில் எடுத்து, உங்கள் குறிப்பில் உள்ள குடிகளுக்கான பக்கங்களை மட்டும் பாருங்கள்.