பாடுவது இப்போது, காதில் விழுவது அப்புறம்: லேப்டாப் ரெக்கார்டிங் தாமதம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மைக்கையும் ஹெட்ஃபோனையும் லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று புதிதாக வாங்கி, விண்டோஸ் லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் போட்டிருக்கிறேன். பாடினால் என் குரல் ஹெட்ஃபோனில் சற்றுப் பின்னால் வருகிறது. பழுதான பொருளா? திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி. மைக்கிலிருந்து கிளம்பிய குரல் எண்களாக மாறி, பஃபரில் சேர்ந்து, ரீப்பருக்குள் போய், இன்னொரு பஃபர் வழியாக வெளியே வந்துதான் காதுக்கு வரும். பஃபர் என்பது ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். 44,100 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 44,100 ஒலி அளவீடுகள்) 512 சாம்பிள் பஃபர் நிரம்பவே 11.6 மில்லி செகண்ட் ஆகிறது, போக ஒன்று வர ஒன்று என்றால் 23, அதற்கு மேல் யூஎஸ்பியும் கன்வெர்ட்டரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது, அப்படிப் பார்த்தால் உங்கள் குரல் எட்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிற கணக்கு. கிட்டார்காரர் பத்து மில்லி செகண்டைச் சமாளித்துவிடுவார், பாடுகிறவருக்கு அது முடியாது, ஏனென்றால் சொந்தக் குரல் மண்டை எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது.

ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஏசியோவை, அதாவது தாமதம் குறைந்த டிரைவர் வகையை, தேர்ந்தெடுங்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களே தரும் ஏசியோ டிரைவரை முதலில் நிறுவ வேண்டும், பொதுவான ஏசியோஃபார்ஆல் எல்லாம் வேறு வழி இல்லாதவர்களுக்கு. பிறகு 48,000 ரேட், 128 பஃபர் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி செகண்ட்தான் வரும்.

கேள்வி: டைரக்ட் மானிட்டரிங் பட்டனைப் போட்டால் தாமதம் போய்விடுகிறது, ஆனால் ரிவெர்ப் (மண்டபத்து எதிரொலி மாதிரியான எஃபெக்ட்) இல்லாமல் வெறும் குரலைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பாடவே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்தப் பட்டன் குரலை லேப்டாப்புக்குள் அனுப்பாமல் இன்டர்ஃபேஸிலேயே திருப்பிவிடுகிறது, அதனால்தான் ரிவெர்ப் கிடைப்பதில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. பட்டன் போட்டபடியே இருக்கட்டும். ரீப்பரில் குரல் டிராக்கின் மானிட்டரிங்கை ஆன் செய்து, அதன் மாஸ்டர் சென்டை (மொத்த ஒலிக்குப் போகும் இணைப்பை) மட்டும் நிறுத்திவிட்டு, அதிலிருந்து தனி ரிவெர்ப் டிராக்குக்கு ஒரு சென்ட் கொடுங்கள், அங்கே ட்ரை ஒலியை (ரிவெர்ப் கலக்காத குரலை) முழுவதும் குறைத்துவிடுங்கள். நேர்க்குரல் உடனே வரும், ரிவெர்ப் மட்டும் லேப்டாப்பிலிருந்து பதினைந்து இருபது மில்லி செகண்ட் தள்ளி வரும். பெரிய மண்டபத்தில் எதிரொலி எப்படியும் தாமதமாகத்தான் வரும் இல்லையா, அதனால் காதுக்கு உறுத்தாது. டேக் (ஒரு முறை பாடிப் பதிவு செய்வது) முடிந்ததும் மாஸ்டர் சென்டைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் யூஎஸ்பி மைக் மட்டும்தான் இருக்கிறது. ஹெட்ஃபோனை லேப்டாப்பில் செருகி ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் பாடுகிறேன்.

பதில்: மைக்கின் அடியிலோ பின்னாலோ ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில்தான் செருக வேண்டும், தாமதம் இல்லாமல் கேட்கும். பாடல் ஒலியும் அதே மைக் வழியாக வெளியே வரும்படி ஆடாசிட்டியில் மாற்றிவிடுங்கள். மைக் ஒரு கடிகாரம், லேப்டாப் ஒரு கடிகாரம் என்று இரண்டு ஓடினால் பாட்டு நீள நீளக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கு ஏதாவது செட்டிங் உண்டா?

பதில்: இல்லை. சாதாரண ப்ளூடூத்தில் 100 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். வயர் ஹெட்ஃபோன் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஃபரை 64க்குக் குறைத்தால் ஒலி படபடவென்று வெடிக்கிறது. லேப்டாப் புதியதுதான், 16 ஜிபி ராம்.

பதில்: ராம் இதற்குக் காரணம் இல்லை. 48,000 ரேட்டில் 64 என்றால் ஒவ்வொரு 1.3 மில்லி செகண்டுக்கும் புராசஸர் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும், நடுவில் ஏதாவது ஒரு டிரைவர் புகுந்து தாமதித்தால் அந்தத் துண்டு காலியாகப் போய் வெடிக்கும். லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரைக் காட்டிவிடும். என் பழைய லேப்டாப்பில் வைஃபை டிரைவர்தான் காரணமாக இருந்தது, ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்ததும் அந்த வெடிப்புச் சத்தமே இல்லை. பவர் மோடை முழுத் திறனில் வையுங்கள், இன்டர்ஃபேஸை ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். அதற்குப் பிறகும் வெடித்தால் 128க்கு ஏற்றிவிடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: பாட்டு ஆரம்பிக்கும்போது நன்றாக இருந்தது, மிக்ஸ் எல்லாம் முடித்தபின் ஒரு வரி திருத்திப் பாடப் போனால் ஒரே தாமதம். பஃபர் அதே 128தான்.

பதில்: மாஸ்டரில் லிமிட்டரோ (ஒலி அளவு எல்லை தாண்டாமல் தடுப்பது) லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ (ஒருவகை டோன் சரிசெய்யும் எஃபெக்ட்) போட்டிருப்பீர்கள். அவை வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து வேலை செய்பவை, அதற்காக எல்லாவற்றையும் காக்கவைக்கும். 4,096 சாம்பிள் கேட்கும் பிளகின் (இப்படிச் சேர்க்கும் எஃபெக்ட்) ஒன்று போதும், 85 மில்லி செகண்ட் போச்சு. ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் கீழே சாம்பிள் எண்ணிக்கை தெரியும். பெரிய எண் காட்டுவதைப் பாடும்போது ஆஃப்லைன் செய்து தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சார், வீட்டில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மிருதங்கம் வாசிக்க வந்த பெரியவர் கிளிக்குக்கு (தாளம் காட்டும் டிக் டிக் ஒலிக்கு) சரியாகத்தான் வாசித்தார், நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். போட்டுப் பார்த்தால் எல்லா அடியும் மயிரிழை பின்னால் இருக்கிறது. அவரிடம் மறுபடி வாசிக்கச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: சொல்லாதீர்கள், தயவுசெய்து. நான் ஒரு முறை நல்ல வயலின் கலைஞரை எட்டு டேக் வாசிக்கவைத்தேன், தப்பு என் செட்டிங்கில் இருந்தது, அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. பெரிதாக்கிப் பத்து அடிகளை அளந்து பாருங்கள். மனிதர் தாமதித்தால் ஒரு அடியில் தாமதம் கூட, இன்னொரு அடியில் குறைய இருக்கும். எல்லா அடியும் ஒரே அளவு பின்னால் என்றால் அது கணினி.

டிரைவர் தன் தாமதம் இவ்வளவு என்று ரீப்பருக்குச் சொல்லும், ரீப்பர் அந்த அளவு டிராக்கை முன்னால் இழுத்துவைக்கும். டிரைவர் தவறாகச் சொன்னால் இழுப்பும் தவறுகிறது. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, டைரக்ட் மானிட்டரிங்கையும் டிராக் மானிட்டரிங்கையும் அணைத்துவிட்டு, ஒரு கிளிக் டிராக்கை ஓடவிட்டு அதையே ரெக்கார்ட் செய்யுங்கள். மூல கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் எத்தனை சாம்பிள் வித்தியாசமோ, அதை ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் மேனுவல் ஆஃப்செட்டாகக் கொடுங்கள். மறுபடி ஒரு முறை சோதியுங்கள், வித்தியாசம் இரண்டு மடங்கானால் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்ற வேண்டும். சாம்பிள் ரேட்டையோ பஃபரையோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும். பெரியவர் வாசித்ததை அதே அளவு முன்னால் நகர்த்தினால் போதும், டேக் அப்படியே உயிரோடு இருக்கிறது.

கேள்வி: தம்பி துபாயில் வயலின், நான் சென்னையில் பாட்டு. நெட்டில் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியுமா?

பதில்: சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், நேர்கோட்டிலேயே ஒரு பக்கத்துக்கு 14 மில்லி செகண்டுக்கு மேல், உண்மையான கேபிள் வழி இன்னும் சுற்று. அதோடு இரண்டு பக்க இன்டர்ஃபேஸ் தாமதமும் சேர்ந்தால் 25, 30 மில்லி செகண்டைத் தாண்டும், அதற்கு மேல் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டின் வேகம் இறங்கிக்கொண்டே போகும். ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் போன்ற, நெட்டில் சேர்ந்து வாசிக்க உதவும் மென்பொருள்கள் ஒரே ஊருக்குள் நன்றாக வேலை செய்யும். நீங்கள் கிளிக்கோடு பாடி 48,000 வேவ் கோப்பாக அனுப்புங்கள், தம்பி அதன்மேல் வாசித்துத் தன் வயலினை மட்டும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஏற்றுமதி செய்து அனுப்பட்டும்.